மஞ்சள் கோடு

கோகிலாவிடம் தொழில் கற்க வந்தவர்களில் அவரைவிட வயதில் மூத்தவர் செங்கோடன் ஒருவர்தான்.

கோகிலாவின் பட்டறை சங்ககிரி புறவழிச்சாலையில் இருக்கிறது. என்ஜின் வேலை, பிரேக் வேலை எதுவும் அங்கே கிடையாது. லாரியின் பின் அச்சுக்கு நடுவில் உருண்டையாக ஒரு சட்டி தொங்குமே, டிஃபரன்ஷியல், அது ஒன்றுக்குத்தான் அங்கே வைத்தியம். என்ஜினின் சுழற்சி அந்தச் சட்டிக்குள் போய்த்தான் இரண்டு சக்கரங்களுக்கும் பிரிகிறது. உள்ளே பெரிய பல்சக்கரங்கள் எண்ணெயில் முழுகிக் கிடக்கும். பட்டறைக்காரர்கள் அந்த மொத்தத்தையும் கிரவுன் என்பார்கள். வண்டிக்குப் பின்னால் ஊளைச் சத்தம் கேட்டால், ஈரோட்டிலிருந்து சேலம் வரை எந்த டிரைவரும் யோசிக்காமல் சொல்வது ஒன்றுதான்: "கோகிலாகிட்டக் காட்டு."

செங்கோடன் பாதி ஆயுள் லாரி ஓட்டியவர். ஓட்டியது போதும், இத்தனை வருஷம் எதன் மேல் உட்கார்ந்திருந்தோம் என்று இனியாவது அடியில் போய்ப் பார்ப்போம் என்று வந்துவிட்டார்.

வந்த அன்று பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். பெயிண்டர் மாதேசு சும்மா இருக்கிற ஆள் இல்லை.

"பேரன் பொறக்கற வயசுல ஸ்பேனர் புடிக்க வந்துட்டீங்களாண்ணா?"

கோகிலா சிரிக்கவில்லை. அழுக்கு ஏறிய ஒரு பல்சக்கரத்தை அவர் கையில் கொடுத்து, "கழுவுங்கண்ணா" என்றார்.

செங்கோடன் கழுவினார். நெடுநாள் கழுவினார். கழுவிக்கொண்டே மற்றவர்கள் கைகளைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்டதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொள்வார், பிடிபடாவிட்டால் மறுபடி பார்ப்பார். கோகிலாவுக்கு அது பிடித்திருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடித்துச் சட்டியை மூடியவர், அடியில் எண்ணெய் இறக்கும் போல்ட்டின் மேல் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பார். பாதிக் கோடு போல்ட்டில் இருக்கும், மீதி சட்டியில். யாராவது திறந்தால் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். யார் மூடியது என்பதும் நிறத்தைப் பார்த்தாலே தெரியும். கோகிலாவின் கோடு சிவப்பு. நூல் பிடித்தாற்போல் மெல்லிசாக இருக்கும்.

ஒருவருக்குத் தனி நிறம் கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. தனியாக ஒரு வண்டியைப் பிரித்துக் கோத்து, கோகிலா பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து, "நிறம் சொல்லுங்க" என்று அவர் வாயால் கேட்க வேண்டும்.

செங்கோடனிடம் அப்படிக் கேட்ட நாளில் அவர் யோசிக்கவே இல்லை.

"மஞ்சளுங்க. எட்ட நின்னு பாத்தாலும் தெரியோணும்."

தெரிந்தது. அவர் போட்ட கோடு விரல் அகலம் இருந்தது. மாதேசு குனிந்து பார்த்து, "இது கோடில்லீங்கண்ணா, பட்டை" என்றார். செங்கோடன் கோபித்துக்கொள்ளவில்லை. மாலையில் வீட்டுக்குப் போகும்போது, சாலையோரம் நின்றிருந்த அந்த லாரியின் அடியில் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார். அந்த வயதில் ஒருவருக்குப் புதிதாக ஒரு பெருமை கிடைப்பது சின்ன விஷயமா என்ன?

இன்னொரு சட்டமும் அங்கே இருந்தது. ஒரே கோளாறோடு ஒரு வண்டி மூன்றாம் தடவை திரும்பி வந்தால், கோட்டுக்காரர் கோட்டை விட்டுவிட வேண்டும். யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. கோகிலா சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. ஆனாலும் எல்லோரும் அதற்குப் பயந்தார்கள். முன்பு பச்சைக் கோடு போட்டுக்கொண்டிருந்த ஒருவர், வண்டி மூன்றாம் தடவை வந்த அன்று மதியம் சாப்பிடப் போனவர்தான். பிறகு வரவே இல்லை.

ராக்கியப்பன் சொந்தமாகப் பால் வண்டி வைத்திருப்பவர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் பால் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் இந்தப் பக்கம் குளிரூட்டும் நிலையத்தில் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு தரைப்பாலம். மழைக்காலத்தில் அதன் மேல் தண்ணீர் போகும். சக்கரம் பாதி முழுகினாலும் வண்டி போய்த்தான் ஆக வேண்டும்.

வண்டியின் தகுதிச் சான்றுக்காக, எஃப்.சி.க்குக் கொண்டுபோகும் முன்பு அவர் வண்டியைக் கோகிலாவின் பட்டறையில் விட்டார். வேலை செங்கோடனுக்குக் கிடைத்தது. கிரவுனை முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்றி, புது எண்ணெய் ஊற்றி மூடினார். எஃப்.சி.க்குப் போகிற வண்டிக்கு அடிப்பாகம் முழுவதும் கறுப்பு பெயிண்ட் அடிப்பது வழக்கம். அது மாதேசின் வேலை. அவர் டப்பாவோடு வந்தபோது செங்கோடன் பிரஷைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நானே அடிச்சுக்கறேனுங்க. என் கோடு விழற எடத்துல எதுக்கு இன்னொருத்தர் பிரஷு?"

ஒரு பூச்சு காய்ந்ததும் இன்னொரு பூச்சு அடித்தார். சட்டியும் அச்சுக் குழாயும் முகம் பார்க்கலாம்போல் பளபளத்தன. அதன் மேல் மஞ்சள் கோடு பளிச்சென்று விழுந்தது. மாதேசே ஒன்றும் சொல்ல முடியாமல் போய்விட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளில் பால் வண்டி திரும்பி வந்தது. அச்சின் முன்பக்கம் எண்ணெய் ஒழுகித் தெறித்திருந்தது.

செங்கோடன் அடிப் போல்ட்டைக் கழற்றினார். தெளிவாக வர வேண்டிய எண்ணெய் வெளுத்துப்போய், பால் அதிகம் விட்ட காபிபோல் தட்டில் விழுந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்து, பல்சக்கரங்கள் அதைக் கடைந்துவிட்டிருந்தன.

மாதேசு எட்டிப் பார்த்தார். "பால் வண்டிங்கறதுக்காகக் கிரவுனுக்குள்ளயுமாண்ணா பாலை ஊத்துவீங்க?"

கோகிலா தூரத்தில் நின்று பார்த்தார். கிட்டே வரவில்லை. ஒருவர் கோடு போட்ட வண்டியை, அவராகக் கூப்பிடாமல் இன்னொருவர் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே அது மரியாதை. மாதேசு மட்டும்தான் அந்த மரியாதையில் சேர்த்தி இல்லை.

செங்கோடன் கூப்பிடவில்லை. எண்ணெய் கசியாமல் தடுக்கிற முன்பக்கத்து ரப்பர் வளையத்தை, ஆயில் சீலை, மாற்றினார். டீசல் விட்டு உள்ளே அலசினார். புது எண்ணெய் ஊற்றினார். கோடு போட்டார்.

பத்து நாள் கூட ஆகவில்லை, வண்டி மறுபடி வந்து நின்றது.

இந்தத் தடவை செங்கோடன் அவசரப்படவில்லை. வண்டியை ராத்திரி முழுக்க நிற்க விட்டு, காலையில் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினார். ஆறிய சட்டியில் தண்ணீர் அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும். முதலில் சொட்டியது வெறும் தண்ணீர். அரை டம்ளர் இருக்கும். அதன் பின்னால் வெளுத்த எண்ணெய் வந்தது.

பிறகு சட்டியை வெளியே துடைத்துக் காயவைத்து, முகப் பவுடரை டப்பாவோடு கொட்டித் தூவினார். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து பார்த்தால், எண்ணெய் எங்கே கசிகிறதோ அங்கே பவுடர் நனைந்து தடம் காட்டும்.

"பொண்ணு பாக்கப் போகுதாண்ணா வண்டி?" என்றார் மாதேசு.

தடம் தெளிவாகத் தெரிந்தது. முன்பக்கத்து சீலிலிருந்துதான் வந்திருந்தது, போன தடவை புதிதாகப் போட்ட அதே சீல். செங்கோடனுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த சீலைப் பிடுங்கிப் போட்டு இன்னொன்று அடித்தார். சக்கரத்துப் பக்கத்து சீல்களையும் மாற்றினார். மூடியின் விளிம்பில் பசையை இரண்டு மடங்கு தடவினார். எல்லாம் முடிந்ததும் ராக்கியப்பனைப் பார்த்துத் திரும்பினார்.

"வண்டிய ஆத்துல எறக்கிக் கழுவறீங்களா?"

"இல்லீங்க. பாலத்து மேல போறதோட சரி."

"அதுக்கு இவ்வளவு தண்ணி உள்ள போகாதுங்க. எறக்கித்தான் இருக்கறீங்க."

"எங்கம்மா மேல சத்தியமா இல்லீங்க."

"எத்தன டிரைவரைப் பாத்துருப்பேன். நானும் அதே ஆளுதான்."

நாலு பேருக்கு முன்னால் சொன்ன பேச்சு. ராக்கியப்பன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மஞ்சள் கோடு அடியில் ஈரம் காயாமல் மின்னிக்கொண்டு போனது.

மூன்றாம் தடவை வண்டி தானாக வரவில்லை. இன்னொரு லாரி கயிறு கட்டி இழுத்து வந்தது. பாலத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில் கிரவுன் கதற ஆரம்பித்திருக்கிறது. ராக்கியப்பன் பயந்துபோய் நிறுத்திவிட்டார். வேறு வண்டி கிடைப்பதற்குள் ஏறிய பால் முழுவதும் திரிந்துவிட்டது. நாலு ஊர் பால்.

வாசலில் கோகிலாதான் நின்றிருந்தார். ராக்கியப்பன் அவரைப் பார்த்தும் பார்க்காததுபோல் உள்ளே வந்தார்.

"மஞ்சக் கோட்டுக்காரர் எங்கீங்க?"

"நான் பாக்கட்டுங்களா?" என்றார் கோகிலா.

"வேண்டாமுங்க. அவருதான மூடுனாரு? அவரே வந்து சொல்லட்டும், மாடு வெச்சுருக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னு."

செங்கோடன் வந்தார். பட்டறையில் யாரும் பேசவில்லை. மாதேசுகூட டப்பாவைக் கலக்குவதுபோல் குனிந்துகொண்டார். அதைத்தான் செங்கோடனால் தாங்க முடியவில்லை. கேலி செய்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அவர் வண்டிக்கடியில் போனார். திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, இருந்தாலும் திறந்தார். வெளுத்த எண்ணெய் தட்டில் விழுந்தது. அதில் இரும்புப் பொடி மினுமினுத்தது. பல்சக்கரங்களைத் தாங்கும் பேரிங் உருளைகளில் துருப் பிடித்திருந்தது.

வெகு நேரம் அடியிலேயே கிடந்தார். பிறகு அங்கிருந்தபடியே கூப்பிட்டார்.

"அம்மணி."

"சொல்லுங்கண்ணா."

"ஒண்ணு கேக்கோணுங்க."

பட்டறையில் அங்கங்கே கேட்டுக்கொண்டிருந்த ஸ்பேனர் சத்தங்கள் நின்றன. செங்கோடன் கேள்வி கேட்டு அங்கே யாரும் பார்த்ததில்லை.

கோகிலா வண்டிக்குப் பக்கத்தில் வந்து தரையில் குந்தினார்.

"எண்ணெய் வெளிய வர்ற எடம் தெரியுதுங்க. பவுடர் போட்டுப் பாத்துட்டேன். தண்ணி உள்ள போறதுதான் புடிபட மாட்டேங்குது. சீலு புதுசு. பாலத்து மேல போற தண்ணிக்கு அத்தன வேகமும் இல்ல. தள்ளிக்கிட்டு உள்ள போக அதுக்கு என்னங்க பலம்?"

"நீங்க என்ன பண்ணலாம்னு இருக்கறீங்க?"

"இன்னும் நல்ல சீலா வாங்கிப் போட்டு, சுத்தியும் பசை வெச்சு, காத்துகூடப் போகாதபடி அடைச்சுடறேனுங்க."

"காத்துகூடவா?"

"காத்துகூட."

கோகிலா எழுந்து வெளியே போனார். சாலைக்கு எதிர்ப்புறம் டீக்கடை. திரும்பி வந்தபோது ஒரு கையில் சுடுதண்ணீர்ச் செம்பும் இன்னொரு கையில் காலி தண்ணீர் பாட்டிலும் இருந்தன.

"வெளிய வாங்கண்ணா."

செங்கோடன் வந்தார். கோகிலா சுடுதண்ணீரை பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கினார். தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, வெறும் பாட்டிலை அவரிடம் நீட்டினார்.

"மூடியை இறுக்குங்க. உங்க கை இறுக்கம் எனக்கு வராது."

செங்கோடன் இறுக்கினார். அவர் இறுக்கினால் இறுக்கினதுதான்.

கோகிலா அதை வாங்கி, மழைத்தண்ணீர் நிறைந்திருந்த டிரம்முக்குள் அழுத்திப் பிடித்தார். பாட்டில் படபடவென்று சத்தம் போட்டது. பக்கங்கள் உள்ளே ஒட்டிப்போயின. வெளியே எடுத்தபோது வற்றிய சுரைக்காய்போல் இருந்தது.

"யாருங்க அமுக்குனது?"

"யாரும் அமுக்கலீங்க."

கோகிலா மூடியைத் திறந்தார். மிச்சமிருந்த சுடுதண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டினார். இந்தத் தடவை அவரே மூடினார். முழுக்க மூடவில்லை, ஒரு சுற்றுத் தளர்த்தி விட்டார். தலைகீழாக டிரம்முக்குள் பிடித்தார். ஒன்றும் சத்தம் இல்லை. சற்றுப் பொறுத்து வெளியே எடுத்து நிமிர்த்திக் காட்டினார். அடியில் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

"இந்தத் தண்ணிக்கு என்னங்கண்ணா பலம்?"

செங்கோடன் பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி தள்ளிக்கிட்டுப் போகல" என்றார் மெதுவாக. "உள்ள இருந்துல்ல கூப்புடுது."

கோகிலா ஈரக் கையை உதறிக்கொண்டார்.

செங்கோடன் தனக்குத்தானே பேசுவதுபோல் சொல்லிக்கொண்டு போனார். "நாலு ஊரு சுத்திட்டு வர்றப்ப சட்டி கொதிக்கும். கைய வெக்க முடியாது. உள்ள இருக்கற காத்து வெளிய போக எடந்தேடும். எண்ணெயத் தள்ளிக்கிட்டு சீலு வழியாப் போகும். அந்தச் சூட்டோட ஆத்துத் தண்ணில எறங்குனா படக்குன்னு ஆறும். அப்ப உள்ள இழுக்கும். காத்துக்குப் பதிலா தண்ணி." நிறுத்தினார். "ஆனா அதுக்குத்தான் மேல மூச்சுக் குமிழி இருக்குதே..."

வாக்கியத்தை முடிக்காமல் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்கடியில் போனார்.

அச்சுக் குழாயின் மேல், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சின்னக் குமிழி இருக்கும். அதன் தொப்பி விரல் பட்டால் லேசாக ஆடும். சட்டி சூடானால் காற்று அதன் வழியே வெளியே போகும், ஆறினால் உள்ளே வரும். செங்கோடன் கையை மேலே விட்டுத் துழாவினார். குமிழி கிடைத்தது. ஆட்டினார், ஆடவில்லை. விரலை அதன் விளிம்பைச் சுற்றி ஓட்டினார். இடைவெளியே இல்லை. வழவழவென்று, கண்ணாடிபோல் இருந்தது.

அது அவர் அடித்த பெயிண்ட். ஒரு பூச்சு காய்ந்ததும் அடித்த இன்னொரு பூச்சு.

வண்டிக்கடியில் அவர் மட்டும்தான் இருந்தார். வெளியே நிற்கிறவர்களுக்கு அவருடைய கால்கள்தான் தெரியும். நகத்தால் நாலு சுரண்டு சுரண்டினால் போதும், பெயிண்ட் உதிர்ந்துவிடும், தொப்பி ஆடும். சீலை மாற்றி அனுப்பினால் வண்டி இனிமேல் வராது. ராக்கியப்பன் ஆற்றில் இறக்கினார் என்பது ஏற்கெனவே எல்லோர் காதிலும் விழுந்தாகிவிட்டது. அது அப்படியே நின்றுவிடும். கோடும் அப்படியே நின்றுவிடும்.

செங்கோடனின் கால்கள் கொஞ்ச நேரம் அசையவில்லை.

பிறகு வெளியே வந்தார். நெற்றியில் சேறு அப்பியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"எல்லாரும் இங்க வாங்க" என்றார். "ராக்கியப்பண்ணா, நீங்க முன்னால வாங்க."

மாதேசு டப்பாவை வைத்துவிட்டு வந்தார். மற்றவர்களும் வந்தார்கள். செங்கோடன் ராக்கியப்பனின் கையைப் பிடித்து, கூடவே குனிய வைத்து, குமிழியின் மேல் விரலை வைக்கச் சொன்னார்.

"ஆடுதுங்களா?"

"இல்லீங்க."

"ஆடோணும். வண்டி மூச்சு விடற எடம் அது. அதுமேல பெயிண்ட் அடிச்சு அடைச்சது நான். பெயிண்டர் அடிக்க வந்தாரு, நான்தான் புடுங்கி அடிச்சேன். நீங்க ஆத்துல எறக்கலீங்க. நீங்க சொன்னது சத்தியம். நாலு பேரு முன்னால உங்கள நான் பொய்யன்னு சொல்லிட்டேன், அதனால நாலு பேரு முன்னாலயே சொல்றேன். தப்புப் பண்ணுனது என்னோட கை. உங்க பாலு கெட்டதும் என்னாலதானுங்க."

மறைத்துப் பேசுகிறவர் குரல் இல்லை அது. கோடு வாங்கிய அன்று "மஞ்சளுங்க" என்று சொன்னாரே, அந்த அளவுக்கு உரக்கவே சொன்னார்.

ராக்கியப்பன் விரலைக் குமிழியிலிருந்து எடுத்தார். சண்டை போட வந்தவர். சண்டைக்கு எதிராளி வேண்டுமே.

"எங்கம்மா மேல சத்தியம் பண்ணுனேன்" என்றார் கடைசியில்.

"பண்ணுனீங்க. நான்தான் நம்பலீங்க."

மாதேசு தொண்டையைச் செருமினார். "நான் அடிச்சிருந்தா அது மேல துணி சுத்தியிருப்பேன்."

"சுத்தியிருப்பீங்க" என்றார் செங்கோடன். "இனிமே நீங்களே அடிங்க."

மாதேசு இதை எதிர்பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். போகும்போது, கேட்காமலேயே பெயிண்டைக் கரைக்கும் தன் தின்னர் டப்பாவைச் செங்கோடன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கோகிலாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் முதுகை நிமிர்த்தி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரிசு வாங்கிய பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் பார்க்கிற தாய்மாதிரி நின்றார். தன்னைவிட மூத்தவரைப் பார்த்துத்தான் அப்படி நின்றார்.

செங்கோடன் வேலையைத் தொடங்கினார். உள்ளே எல்லாவற்றையும் டீசலில் அலசினார். துருப் பிடித்த உருளைகளை மாற்றினார். பல் பல்லாகத் தடவிப் பார்த்தார். பல்சக்கரங்கள் தப்பியிருந்தன. குமிழியைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்தத் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, வண்டியின் கூண்டு உயரத்துக்கு மேலே கொண்டுபோய்க் கட்டினார். இனி பாலத்தின் மேல் எவ்வளவு தண்ணீர் போனாலும் வண்டி மேலே தலையை நீட்டி மூச்சு விட்டுக்கொள்ளும்.

கோகிலாவை இந்தத் தடவை அவரே கூப்பிட்டுக் காட்டினார். கோகிலா குழாயை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"இது எனக்குத் தோணியிருக்காது" என்றார்.

மறுநாள் காலை செங்கோடன் பால் வண்டியில் ஏறிக்கொண்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்ப் பால் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். ஒவ்வொரு ஊரிலும் செங்கோடன் இறங்கி, பால் கெட்டது ராக்கியப்பனால் இல்லை, தன்னால்தான் என்று மாடு வைத்திருப்பவர்களிடம் சொன்னார். சிலர் திட்டினார்கள். ஒரு பெண் மோர் கொடுத்தார். பாலத்தில் சக்கரம் பாதிக்கு மேல் தண்ணீர். நட்டநடுவில் வந்ததும், "நிறுத்துங்க" என்றார் செங்கோடன்.

"இங்கயா?"

"ஆறட்டும்."

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. செங்கோடன் தலையை வெளியே நீட்டி, "கொஞ்சம் பொறுங்க, வண்டி மூச்சு வாங்குது" என்றார். ராக்கியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளில் அன்றுதான் சிரித்தார்.

பாலை இறக்கிவிட்டு நேரே பட்டறைக்கு வந்தார்கள். செங்கோடன் வெள்ளைத் தட்டு ஒன்றை அடியில் வைத்து, போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். முதல் சொட்டு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. பிறகு நூல்போல் இறங்கியது. தேன் நிறம். துளி வெளுப்பில்லை.

"அடேங்கப்பா" என்றார் மாதேசு. கேலியாகச் சொல்லவில்லை.

செங்கோடன் போல்ட்டை இறுக்கினார். குறைந்த எண்ணெயை ஊற்றினார். தின்னரில் நனைத்த துணியால் போல்ட்டையும் சட்டியையும் அழுத்தித் துடைத்தார். கலைந்து கிடந்த பழைய மஞ்சள் முழுக்கப் போய்விட்டது. பிறகு அலமாரியிலிருந்து சிவப்பு பெயிண்ட் டப்பாவையும் மெல்லிய பிரஷையும் எடுத்துவந்து கோகிலாவிடம் நீட்டினார்.

"எதுக்குங்கண்ணா இது?"

"உங்க கோட்டப் போடுங்கம்மணி. வண்டி சரியாயிருச்சு."

"சரி பண்ணுனது நீங்க."

"கெடுத்ததும் நாந்தானுங்க. மூணு தடவ திரும்பி வந்த வண்டி. அதுக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கோடு போடறது?"

கோகிலா சிவப்பு டப்பாவை வாங்கவில்லை. அலமாரிக்குப் போய், மஞ்சள் டப்பாவை எடுத்து வந்தார். மூடி இறுகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்து, பிரஷைத் தோய்த்து, சொட்டாமல் விளிம்பில் வழித்து, காம்பை அவர் பக்கம் திருப்பி நீட்டினார்.

"நம்ம பட்டறையில இருந்து போன வண்டி எத்தனையோ திரும்பி வரல. எல்லாம் நல்லா ஓடுதுன்னு நாமளா நெனச்சுக்கறோம். வழியில நின்னுதோ, வேற பட்டறைக்குப் போச்சோ, யாரு கண்டா? இந்த வண்டி ஆளத் தேடிக்கிட்டு வந்துது. ஆளும் இங்கதான் இருந்தாரு. கோடு போடறது அதுக்குத்தானுங்கண்ணா."